வாத்து போனது பற்றி எங்கள் கருத்து

எங்கள் ஊரில் ஒரு வீட்டில் இருப்பவர்கள் ஒரே குடும்பமா இல்லையா என்பதைக் கிளை நூலகம்தான் முடிவு செய்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை, கார்த்திகை மாதத்தில், குடும்பப் பிரிவிலிருந்து ஒரு புத்தகம் வீடு தேடி வரும். வீட்டில் ஆறு வயது தாண்டிய எல்லோரும் அதைப் படித்து, பன்னிரண்டு சொற்களுக்கு மிகாமல் ஒரே கருத்தை எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, மாதம் முடிவதற்குள் திருப்பித் தர வேண்டும். கருத்து ஒன்றாக இருந்தால் அடுத்த கார்த்திகை வரை குடும்பம். வாசற்கதவில் ஒட்டிக்கொள்ள மஞ்சள் நிறத்தில் ஒரு சீட்டு கொடுப்பார்கள். பால்காரரும் கேஸ்காரரும் சீட்டைப் பார்த்துவிட்டுத்தான் கதவைத் தட்டுவார்கள்.

நான் அப்போது பேருந்து நிலையத்தில் விசாரணை ஜன்னலில் உட்கார்ந்திருந்தவன். எந்த வண்டி எத்தனை மணிக்கு, எந்த வழியாகப் போகும் என்று கேட்பவர்களுக்குச் சொல்வது என் வேலை. பத்தொன்பது வருடமாகச் சொல்லிவந்தேன், பத்தொன்பது வருடமும் தற்காலிக ஊழியன். கேட்டவர் வண்டி ஏறினாரா, விட்டுவிட்டாரா என்று எட்டிப் பார்ப்பது என் வேலையில் சேராது. நானும் பார்த்ததில்லை. பெயர் பொன்னுரங்கம். மனைவி கோமளா. மகள் நிறைமதிக்கு அப்போது ஒன்பது வயது.

கல்யாணமாகிப் பதினோரு கார்த்திகை வரை எங்களுக்கு ஒரு சிக்கலும் வந்ததில்லை. எங்களிடம் ஒரு வாக்கியம் இருந்தது. 'நல்ல புத்தகம். குடும்பத்தோடு படித்துப் பயன் பெறலாம்.' மொத்தம் ஆறு சொற்கள். என் மாமனார் சீர்வரிசைத் தட்டில் குத்துவிளக்குக்கும் குடத்துக்கும் நடுவில் ஓர் அட்டையில் எழுதி வைத்துக் கொடுத்தது. ஊரில் முக்கால்வாசி வீடுகளில் இதுதான் வாக்கியம். ஊறுகாய் போடுவது பற்றிய புத்தகம் வந்தது, சூரிய கிரகணம் பற்றிய புத்தகம் வந்தது, பேசும் யானை ஒன்று வந்தது. எல்லாவற்றுக்கும் இது பொருந்தியது. புத்தகத்தை ஒரு வாரம் டிவிக்குப் பக்கத்தில் வைத்திருப்போம். பிறகு நான் பின்னட்டையை ஒருமுறை வாய்விட்டுப் படிப்பேன். அந்த மட்டுக்கு எனக்கு நேர்மை உண்டு. கோமளா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு அடுப்படிக்குத் திரும்பிவிடுவாள். நிறைமதிக்கு ஆறு வயதானதிலிருந்து அவளும் பென்சிலால் பெயரை எழுதினாள்.

பன்னிரண்டாவது கார்த்திகையில் எங்களுக்கு வந்த புத்தகத்தின் பெயர் 'வாத்து நடந்த வீடு'. பழைய பிரதி கிழிந்துவிட்டதால் புதிதாக வாங்கிய பிரதி. பின்னட்டையில் 'குடும்பங்களுக்கும் குழந்தைகளுக்கும் ஆர்வமுள்ள பெரியவர்களுக்கும்' என்று போட்டிருந்தது. நான் அதை வாய்விட்டுப் படித்தேன், மூவரும் கையெழுத்துப் போட்டோம், இருபதாம் தேதியே திருப்பிக் கொடுத்தேன். ஊரிலேயே முதலில் கொடுத்தது நாங்கள்தான் என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

மறுநாள் மாலை நூலகர் இக்னேஷியஸ் அந்தப் புத்தகத்தோடு வீட்டுக்கு வந்தார். மெலிந்த மனிதர், சைக்கிளை ஸ்டாண்டு போடுவதற்குக்கூட மன்னிப்புக் கேட்கிற முகம். நாற்காலியில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறக்கப் பார்த்தார். திறக்கவில்லை. அச்சகத்தில் ஓரம் வெட்டாமலே அனுப்பியிருந்தார்கள். பக்கங்கள் எல்லாம் மடிப்போடு ஒன்றோடொன்று ஒட்டியே இருந்தன. வேறு யார் வீட்டுக்கு வந்திருந்தாலும் ஒரு பக்கத்தையாவது பிரித்துப் பார்த்து, அச்சுக் கோளாறு என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள். நாங்கள் குடும்பத்தோடு படித்துப் பயன் பெறலாம் என்று எழுதியிருந்தோம்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். காபியைக் குடித்து முடித்துவிட்டு, நிறைமதியின் அடிஸ்கேலை வாங்கி ஒவ்வொரு மடிப்பாகப் பொறுமையாக வெட்டினார். முப்பத்திரண்டு பக்கம். தரையில் விழுந்த காகிதத் துணுக்குகளை அவரே பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மாதம் முடிய இன்னும் எட்டு நாள் இருப்பதாகவும், படித்துவிட்டுப் புதிதாக எழுதித் தரலாம் என்றும் சொன்னார். பழைய வாக்கியத்தையே மறுபடி எழுதிவிடலாமா என்று கேட்டேன். படித்தவர்கள் அந்த வாக்கியத்தைப் பயன்படுத்தக் கூடாது என்று விதி இருக்கிறதாம்.

குடும்பப் பிரிவுப் புத்தகத்தைப் படிக்க ஒரு முறை இருக்கிறது. ஒருவர் வாசிக்க வேண்டும், ஒருவர் பக்கம் திருப்ப வேண்டும், வயதில் சிறியவர் படத்தைப் பார்க்க வேண்டும். மூவரும் பாயில் ஒட்டி உட்கார்ந்தோம். கோமளாவின் தோள் என் தோளில் பட்டது. அவள் தோளில் ஓர் எலும்பு இப்படித் துருத்திக்கொண்டிருக்கும் என்பது எனக்கு மறந்து போயிருந்தது. எப்போது கடைசியாகப் பட்டது என்று கணக்குப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை, விட்டுவிட்டேன்.

கதை பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு வீட்டின் அடுப்படியிலிருந்து ஒரு வாத்து கிளம்புகிறது. ஒவ்வொரு பக்கத்திலும் ஓர் அறை. ஓர் அறையில் ஒருத்தி அவரைக்காய் நறுக்குகிறாள். ஓர் அறையில் ஒருவர் முகத்தில் செய்தித்தாளைப் போட்டுக்கொண்டு தூங்குகிறார். ஒருவன் போன் பேசுகிறான். ஒருத்தி தலை வாருகிறாள். எல்லாப் பக்கத்திலும் ஒரே வரி: 'வாத்து நடந்தது.' நான் அதை முப்பது தடவை வாசித்தேன். கடைசிப் பக்கத்தில் வாசற்கதவு திறந்திருக்கிறது. வாத்து நிலைப்படியில் இருக்கிறது, முதுகு நம் பக்கம். ஒரு கால் வெளியே, ஒரு கால் உள்ளே. அந்தப் பக்கத்தில் எழுத்து கிடையாது, அதனால் எனக்கு வாசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

முறைப்படி ஆளுக்கொரு துண்டுச்சீட்டில் தனித்தனியாக எழுதி, பிறகு ஒத்துப் பார்க்க வேண்டும். நான் எழுதியது: 'வாத்து போனதை யாரும் கவனிக்கவில்லை.' நிறைமதி எழுதியது: 'வாத்து போகவில்லை. யாராவது கூப்பிடுவார்கள் என்று நிற்கிறது.' கோமளா எழுதியது: 'வாத்து போனது நல்லது.'

மூன்று சீட்டும் பாயில் கிடந்தன. கோமளா எழுந்து போய் அரிசி களைந்தாள்.

மறுநாளிலிருந்து நான் சமரசத்தில் இறங்கினேன். கால அட்டவணையில் இரண்டு வண்டி ஒரே நேரத்தில் மோதினால் ஐந்து நிமிடம் இப்படி அப்படி நகர்த்திச் சரிசெய்கிறவன் நான். கருத்தும் அப்படித்தானே என்று நினைத்தேன். 'வாத்து வாசலில் இருக்கிறது' என்று எழுதி இருவரிடமும் கையெழுத்து வாங்கிவிட்டேன். கோமளாகூடப் போட்டாள். இக்னேஷியஸ் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது தகவல் சார், கருத்து இல்ல. தகவல் சொல்ற இடம் உங்க ஜன்னல்" என்றார். அடுத்து, 'வாத்து நல்லபடியாகப் போனது, அல்லது கவனிக்கப்படாமல் போனது, அல்லது நிற்கிறது' என்று எழுதிப் பார்த்தேன். கருத்தில் 'அல்லது' வரக் கூடாதாம்.

எதிர்வீட்டு ஹமீது பாயிடம் யோசனை கேட்டேன். அவர் வீட்டில் ஒன்பது பேர். முப்பது வருடமாக 'எளிய நடை, சிறுவர்க்கும் பெரியோர்க்கும் ஏற்றது' என்று எழுதிச் சுகமாக இருக்கிறார்கள். அவர் என்னை ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவனைப் பார்ப்பது போலப் பார்த்தார். புத்தகத்தைத் திறந்ததுதான் நான் செய்த தப்பு என்றார். ஓரம் வெட்ட வந்தவரை வாசலோடு அனுப்பியிருக்க வேண்டும் என்றும், இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றும் சொன்னார். போகும்போது ஒரு தூக்குவாளியில் பிரியாணி கொடுத்தனுப்பினார்.

ஆறாம் நாள் நான் நிறைமதியைக் கெஞ்சினேன். ஒரே ஒரு தடவை அம்மா எழுதியதற்குக் கையெழுத்துப் போடும்படி கேட்டேன். அவள் புத்தகத்தை எடுத்து வந்து கடைசிப் பக்கத்தைக் காட்டினாள்.

"காலப் பாருப்பா. போற வாத்துன்னா ரெண்டு காலும் வெளிய இருக்கும்ல?"

நான் பார்த்தேன். எனக்கு அந்தக் கால், போகிற வழியில் இருக்கிற காலாகத்தான் தெரிந்தது. அவளுக்காகப் பொய் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டேன்.

கடைசியாகக் கோமளாவிடம் போனேன். அவள் பெரியவள், நிலைமை புரிந்தவள், பதினோரு வருடம் படிக்காத புத்தகத்துக்கெல்லாம் கையெழுத்துப் போட்டவள். மகளின் கருத்துக்கு நாம் இருவரும் ஒத்துக்கொண்டால் வீடு தப்பிக்கும் என்றேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். என் சட்டையை மடித்து என் பக்கம் வைத்தாள்.

"பதினோரு வருஷம் என்ன எழுதியிருந்தாலும் போட்டேங்க. இந்த வாத்துக்கு மட்டும் என்னால போட முடியாது" என்றாள்.

ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள் என்பதுதான் பயமாக இருந்தது. அவள் அழவில்லை, சண்டை போடவில்லை, அன்றைக்கு எனக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்புதான் வைத்தாள். இத்தனை வருடமாக என் வீட்டுக்குள் ஒருத்தி வாசலைப் பார்த்து நடந்துகொண்டிருந்திருக்கிறாள், நான் பின்னட்டையை வாசித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

கார்த்திகை கடைசி நாள் காலை பத்து மணிக்கு மூவரும் நூலகத்து பெஞ்சில் உட்கார்ந்தோம். எங்களோடு வேறு யாரும் இல்லை, மற்றவர்கள் எல்லாம் மஞ்சள் சீட்டு வாங்கிப் போய்விட்டார்கள். இக்னேஷியஸ் மூன்று தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்தார். நெடுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு பதிவேட்டில் எங்கள் வரியை ஸ்கேல் வைத்து நேராக அடித்தார்.

கருத்து பிரிந்தவர்களைத் தெருவில் விடுகிற வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. அதே புத்தகத்தைப் பற்றி அதே கருத்தை முன்பே சொன்னவர்கள் எங்கே இருந்தாலும் அவர்களோடு சேர்த்துவிடுவார்கள். அதுதான் அவர்களுடைய உண்மையான குடும்பம் என்று சட்டம் சொல்கிறது. கடைசியாக வந்து சேருகிறவர் அந்த வீட்டின் பிள்ளை. வயதுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பதிவு எண்தான் கணக்கு.

வாத்து போனது நல்லது என்று சொன்னவர்கள் ஊரில் பதினான்கு பேர் இருந்தார்கள். அரிசி ஆலைக்குப் பின்னால் மாடி வீடு. இரண்டு ஆட்டோவில் வந்து கோமளாவை அழைத்துப் போனார்கள். பதிவு எண்ணில் மூத்தவளுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும், அவள்தான் பாட்டி. கோமளா அந்த வீட்டின் கடைக்குட்டி ஆனாள். ஆட்டோ ஏறுவதற்கு முன் திரும்பி வந்து, குழந்தைக்கு வெந்நீரில்தான் ஊற்ற வேண்டும், இருமினால் மிளகு ரசம் போதும், மருந்து வேண்டாம் என்று பொதுவாகச் சொன்னாள். யாரைப் பார்த்துச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. நிறைமதியும் கடைசியில் மாறித் தன்னைப் போலத்தான் எழுதுவாள் என்று அவள் நம்பியிருந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

நிறைமதியின் கருத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். லாரி எடை மேடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற குருமூர்த்தி, தையல் ஆசிரியை அமலோற்பவம். ஆறு வருடமாக அவர்களுக்குப் பிள்ளை வரவில்லை. ஒரு கட்டில், ஒரு தட்டு, உத்தேச அளவில் தைத்த பள்ளிச் சீருடை எல்லாம் தயாராக வைத்திருந்தார்களாம். அமலோற்பவம் நிறைமதியின் தோளில் அளவு நாடாவை வைத்துப் பார்த்து, கொஞ்சம் பிடிக்க வேண்டும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

அவர்கள் முன்னே போனார்கள். நிறைமதி பையை மாட்டிக்கொண்டு பின்னால் போனாள். நூலக வாசலில் ஒரு காலை வெளியே வைத்தவள் அப்படியே நின்றாள். அவள் முதுகும் பையும்தான் எனக்குத் தெரிந்தன. பையின் ஒரு பக்கத்து ஜிப் பாதி திறந்திருந்தது. செருப்பு வார் கழன்றிருக்கும் போல என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் நின்றாள், பிறகு போனாள்.

என் கருத்தை ஊரில் வேறு யாரும் சொல்லியிருக்கவில்லை. இக்னேஷியஸ் மூன்று பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். ஒத்த கருத்து இல்லாதவர்களை 'ஆர்வமுள்ள பெரியவர்' என்று பதிவு செய்வார்கள். நூலகத்துக்குப் பின்னால் ஓர் அறை, ஒரு நாற்காலி, ஒரு குண்டு பல்பு. சம்பந்தப்பட்ட புத்தகத்தின் பிரதி ஒன்றையும் கையில் கொடுத்துவிடுவார்கள். பேருந்து நிலைய விசாரணை ஜன்னலில் ஆர்வமுள்ள பெரியவர்தான் உட்கார வேண்டும் என்று ஒரு பழைய உத்தரவு இருந்ததாம். ஆள் கிடைக்காததால்தான் இத்தனை நாள் என்னை வைத்திருந்தார்கள். பத்தொன்பது வருடமாகத் தற்காலிகமாக இருந்த என் வேலை அன்று மதியம் நிரந்தரமானது.

அதற்குப் பிறகு ஒரு வருடம் போயிற்று. ஒரு வருடம் என்று எழுதுவது சுலபமாக இருக்கிறது. கோமளாவை இரண்டு தடவை பார்த்தேன். இரண்டாவது தடவை பதினான்கு பேரோடு திருவிழாவுக்குப் போய்க்கொண்டிருந்தாள், இரட்டைப் பின்னல் போட்டு ரிப்பன் கட்டி, பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு. அவள் முகம் தெளிந்திருந்தது. என்னோடு இருந்தபோது அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை. அன்றைக்கு அறைக்குத் திரும்பி நாற்காலியில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதேன்.

நிறைமதி தினமும் பள்ளி விட்டுப் பேருந்து நிலையத்துக்குள் புகுந்துதான் போவாள். கருத்து பிரிந்தவர்கள் பேசிக்கொள்ளக் கூடாது, ஆனால் வண்டி விசாரிக்க யார் வேண்டுமானாலும் வரலாம். தை மாதத்தில் ஒருநாள் வரிசையில் நின்று ஜன்னலுக்கு வந்தாள். தலை கம்பி உயரத்துக்குத்தான் எட்டியது.

"நாலரை வண்டி போயிடுச்சா சார்?" என்று கேட்டாள்.

மணி நாலு முப்பத்தைந்து. போயிடுச்சு என்றேன். அவள் நகராமல் நின்றாள். பின்னால் ஆறேழு பேர் இருந்தார்கள், ஒருவர் கையில் கோழியோடு இருந்தார். நான் "அடுத்து" என்றேன். பதிலைச் சரியாகத்தான் சொன்னேன், அட்டவணையில் அப்படித்தான் இருந்தது.

ஒரு புத்தகத்தைப் பற்றிய கருத்தை எங்கள் ஊரில் வாழ்நாளில் ஒரே ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம். கார்த்திகை முதல் நாள் உறையில் ஒட்டிப் பெட்டியில் போட வேண்டும். பெட்டியைத் திறக்கும்வரை யார் என்ன எழுதினார் என்று யாருக்கும் தெரியாது. நான் மகளின் கருத்துக்கு வந்து சேர்ந்துவிட முடிவு செய்தேன். பொய்யாக எழுதினால் இக்னேஷியஸ் வெளிச்சத்தில் பிடித்ததும் தெரிந்துவிடும். எனவே உண்மையாகவே அந்தக் கருத்துக்கு வர வேண்டியிருந்தது. வேலை முடிந்து வந்ததும் கடைசிப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வாத்தைப் பார்ப்பேன். மாசி, பங்குனி, சித்திரை, எல்லா மாதமும் பார்த்தேன். அது போய்க்கொண்டேதான் இருந்தது. அதை நிறுத்த என்னால் முடியவில்லை. நாற்பத்தாறு வயதில் ஒரு படத்து வாத்திடம் இப்படித் தோற்றுப்போவேன் என்று நான் நினைத்ததில்லை.

ஐப்பசியில் ஒரு மழை நாள். ஒரு பெண் வந்து மேற்கே போகிற வண்டியைக் கேட்டாள். இரண்டாவது நடைமேடை என்றேன். வரிசையில் வேறு ஆள் இல்லாததால், இருபது வருடத்தில் முதல் தடவையாக, கேட்டவர் வண்டி ஏறுகிறாரா என்று எட்டிப் பார்த்தேன். அவள் ஒரு காலைப் படியில் வைத்து, ஒரு கால் தரையில் இருக்க, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். டிரைவர் ஹாரன் அடித்தார். அவள் ஏறவில்லை, இறங்கவும் இல்லை. அப்போது டீக்கடையிலிருந்து ஒருவன் அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். அவள் உடனே காலை எடுத்துவிட்டாள். அந்தக் கால் அதற்காகவேதான் அங்கே இருந்திருக்கிறது.

ஜன்னலைச் சாத்திவிட்டு அறைக்கு ஓடினேன். கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். வாத்து நின்றுகொண்டிருந்தது. முதல் நாளிலிருந்தே நின்றிருக்கிறது. நிறைமதி நூலக வாசலில் பையை மாட்டிக்கொண்டு நின்றதும், கம்பிக்கு அந்தப் பக்கம் நகராமல் நின்றதும் எனக்கு வரிசையாக வந்தன. செருப்பு வார் கழன்றிருக்கவில்லை. அன்றே ஒரு வார்த்தை, அவள் பெயரை மட்டும், சொல்லியிருந்தால் போதும். இப்போதாவது தெரிந்ததே என்று சந்தோஷமாகவும் இருந்தது, தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. தாளை எடுத்து எழுதினேன்: 'வாத்து போகவில்லை. யாராவது கூப்பிடுவார்கள் என்று நிற்கிறது.'

கார்த்திகை முதல் நாள் விடிந்ததும் உறையைப் பெட்டியில் போட்டுவிட்டு, முடிவெட்டிக்கொண்டு, புதுச் சட்டை போட்டு நூலகத்து பெஞ்சில் உட்கார்ந்தேன். பத்து மணிக்கு இக்னேஷியஸ் பெட்டியைத் திறந்தார். அந்த வருடம் இரண்டே உறைகள் இருந்தன. முதலில் என்னுடையதைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்தார். குருமூர்த்தி, அமலோற்பவம் தாள்களை அதன்மேல் வைத்தார். துல்லியமாகப் பொருந்தியது. இவ்வளவு உண்மையான மாற்றத்தைத் தன் பணிக்காலத்தில் பார்த்ததில்லை என்று சொல்லி முத்திரை குத்தினார். பிறகு இரண்டாவது உறையைப் பிரித்தார். பிரித்தவர் உட்கார்ந்துவிட்டார்.

அது நிறைமதியுடையது. பென்சிலால் எழுதியிருந்தாள். 'வாத்து போய்விட்டது. யாரும் கவனிக்கவில்லை.'

அது என் பழைய கருத்து. நான் அங்கேயே இருந்திருந்தால் அவள் என்னிடம் வந்திருப்பாள். நாங்கள் இருவர், அப்பாவும் மகளும், ஒரே சீட்டு. என் தாளின் முத்திரை இன்னும் ஈரமாக இருந்தது. அதை விரலால் அழிக்கப் பார்த்தேன். இக்னேஷியஸ் என் கையைப் பிடித்து மெல்ல எடுத்துவிட்டார். முத்திரை குத்தினால் குத்தியதுதான். எனக்காகத்தான் அப்படி எழுதினாளா என்று அவரிடம் கேட்டேன்.

"நேத்து சாயங்காலம் உறை வாங்க வந்தப்போ, அப்பாவுக்காக மாத்துறியான்னு நானும் கேட்டேன் சார். இல்ல, நாலரை மணிக்கே போயிடுச்சுன்னு சொல்லிச்சு. அப்ப எனக்குப் புரியல" என்றார்.

அன்று மதியமே மாற்றம் நடந்தது. குருமூர்த்தியும் அமலோற்பவமும் நிறைமதியை நூலகத்தில் விட்டுவிட்டு என்னை அழைத்துப் போனார்கள். அவள் கையில் அறைச் சாவியும் வாத்துப் புத்தகமும் இருந்தன. ஒத்த கருத்து இல்லாததால் அவள் பத்து வயதில் ஆர்வமுள்ள பெரியவராகப் பதிவானாள். நாங்கள் வாசலில் ஒருவரையொருவர் கடந்தோம். அவள் கொஞ்சம் ஒதுங்கி எனக்கு வழிவிட்டாள்.

அந்த வீட்டில் என்னை நன்றாகத்தான் வைத்துக்கொண்டார்கள். கட்டில் மட்டும் சின்னது. தட்டில் 'நிறை' வரை சுரண்டி எழுதியிருந்தது, மீதி எழுதுவதற்குள் வேறு வேலை வந்திருக்கும். அமலோற்பவம் இரண்டு நாள் உட்கார்ந்து சீருடையை எல்லாப் பக்கமும் பிரித்து அகலப்படுத்தினாள். அப்பா குருமூர்த்தி எனக்கு வெந்நீர் போட்டு வைத்தார். யாரோ அதைச் சொல்லியிருக்கிறார்கள். திங்கட்கிழமை ஐந்தாம் வகுப்பில் அவள் இடத்தில் உட்கார்ந்தேன். பெஞ்சின் அடியில் அவள் ஒரு வாத்தை வரைந்திருந்தாள். முழங்காலால் தடவினால் தெரியும்.

பள்ளி விட்டதும் பையை மாட்டிக்கொண்டு பேருந்து நிலையத்துக்குள் புகுந்தேன். விசாரணை ஜன்னலில் என் நாற்காலியில் நிறைமதி உட்கார்ந்திருந்தாள். உயரம் போதாததால் கீழே இரண்டு பழைய அட்டவணைப் புத்தகங்களைப் போட்டிருந்தாள். கால் தரையில் எட்டவில்லை. வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும், நாலரை வண்டி போயிடுச்சா என்று கேட்டேன். அவள் அட்டவணையில் விரலை வைத்துப் பார்த்தாள், பிறகு கடிகாரத்தைப் பார்த்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"போயிடுச்சு தம்பி" என்றாள்.

நான் நகர்ந்து வாசலுக்கு வந்தேன். ஒரு காலை வெளியே வைத்துவிட்டு, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். பையின் ஜிப்பைப் பாதி திறந்து விட்டிருந்தேன். உள்ளே மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. பேனாவைக் கீழே வைக்கும் சத்தமும் கேட்டது.

"அடுத்து" என்றாள்.

எனக்குப் பின்னால் வரிசையில் ஒரு வாத்து நின்றிருந்தது. அது ஜன்னலருகே போய்க் கழுத்தை நீட்டியது. எந்த ஊருக்கு என்று அவள் கேட்டாள். பிறகு ஐந்து பத்துக்கு ஒரு வண்டி இருக்கிறது, மூன்றாவது நடைமேடை, உட்கார இடம் கிடைக்கும் என்று விவரமாகச் சொன்னாள். வாத்து என்னைத் தாண்டி வெளியே நடந்தது. ஐந்து பத்து வண்டி வரும்வரை நான் அப்படியே நின்றேன்.